பறங்கிக் கப்டன் கேட்ட சான்றிதழ்

தம்பி,

நான் உன்னிடம் பொய் சொல்லிவிட்டேன். நீ பிலிப்பீன்சில், டவாவோ நகரத்துத் தொலைபேசிக் கந்தோரில் வரிசையில் நின்று, உன் முறை வந்ததும் அந்தப் பக்கத்து இரைச்சலையெல்லாம் தாண்டி, "அப்பா, கப்டனிட்டையிருந்து கடிதம் ஏதும் வந்ததோ?" என்று கேட்டாய். மூன்று ஞாயிற்றுக்கிழமை கேட்டாய். மூன்று முறையும் "இன்னும் வரேல்லை, தபால் பிந்துது போல" என்றேன். போன வருடம் இங்கே தபால்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது பழகிய சாட்டு அது. கடிதம் வந்து ஏழு கிழமையாகிறது. அம்மாவின் கண்ணில் படாமல் இருக்க என்னுடைய குளிர்கால மேலங்கியின் உள்பையில் வைத்தேன். பிறகு குளிர் தொடங்கி அந்த மேலங்கியையே போட வேண்டி வந்தது. இப்போது அந்தக் கடிதம் தினமும் என்னோடு ஷேர்போர்ண் ஸ்ரேசனில் ஏறி வேலைக்குப் போய் வருகிறது.

அதில் இருப்பது இதுதான். நீ கட்டப் போகும் மரிசெலைச் சிறு வயதிலிருந்து வளர்த்த அவளுடைய தாய்மாமன், நீயும் நானும் கப்டன் என்று சொல்லும் அந்த மனிதர், உன்னைப் பற்றி நான் ஒரு சான்றிதழ் எழுதி அனுப்ப வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அது வந்தால்தான் தை மாதம் தேவாலயத்தில் அவளுடைய கையைப் பிடித்து உன்னிடம் தருவாராம். நீங்கள் இருவரும் அங்கே நாள் எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். நான் இங்கே எழுதாமல் இருக்கிறேன். ஏன் எழுதவில்லை என்று சொல்வதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அவசரப்படாமல் வாசி.

இதைத் தனிக் கடிதமாக ஒட்டி உனக்கு அனுப்பியிருக்கலாம். ஆனால் நம்மவர்கள் இங்கே கையால் எழுதிப் போட்டோக் கொப்பி எடுத்துக் கடைகளில் வைக்கும் பத்திரிகைக்கும் ஒரு பிரதி கொடுக்கப் போகிறேன். நான் யாழ்ப்பாணத்தில் பதினேழு வருடம் விதானையாக இருந்தவன். கடதாசியில் கிராம சேவகர் என்றிருந்தாலும் சனத்தின் வாயில் வந்தது விதானையார்தான். என் பிரிவில் யார் குடியிருக்கிறார், யார் நல்லவர் என்று எழுதிக் கையெழுத்து வைப்பது என் வேலை. அந்த வேலையில் நான் செய்த ஒரு பிழை ஊர் பார்க்க, மேசைக்கு முன்னால் நடந்தது. அதை மூடி ஒட்டிய கடிதத்துக்குள் ஒப்புக்கொள்வது சரியாகப் படவில்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடாது என்று உனக்கே எத்தனை முறை சொல்லியிருப்பேன்.

நாங்கள் ரொறன்ரோவில் சென் ஜேம்ஸ் ரவுணுக்கு வந்த முதல் குளிர்காலம் உனக்கு நினைவிருக்கும். எண்பத்து நான்கின் கடைசி. பதினான்காம் மாடியில் இரண்டு அறை, யன்னலைத் திறந்தால் மற்ற மாடிக் கட்டிடத்தின் யன்னல்கள். நீ பகலில் பாத்திரம் கழுவும் வேலைக்கும் மாலையில் படிப்புக்கும் போய்விடுவாய். நான் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுத் துணியைத் தூக்கிக்கொண்டு கட்டிடத்தின் நிலவறையில் இருக்கும் தோய்க்கும் அறைக்குப் போவேன். அங்கேதான் லூசியா அன்ரியைக் கண்டேன். எங்கள் மாடியிலேயே, லிப்ற்றுக்குப் பக்கத்து வீடு. அவருடைய உண்மையான பெயர் லூஸ். அவர்களுடைய பாசையில் வெளிச்சம் என்று அர்த்தமாம். நம்முடைய வாயில் அது என்னவாகும் என்று உனக்குத் தெரியும். "நல்ல மனுசியை உப்பிடிக் கூப்பிடேலுமே?" என்று அம்மா முதல் நாளே அவரை லூசியா ஆக்கிவிட்டாள். அவரும் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார்.

எனக்குத் தெரிந்த இங்கிலீசும் அவருக்குத் தெரிந்த இங்கிலீசும் சேர்ந்து ஒரு மாதிரி நொண்டிக்கொண்டு நடக்கும். ஆனால் அவர் பேசியது என் காதில் எப்படியோ நம்முடைய பேச்சாகவே விழுந்தது. இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். ஊரில் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். "அப்ப நீங்களும் என்னை மாதிரித்தான்," என்றார். "நான் டவாவோவிலை பறங்கிச் செக்ரட்ரி. என்ர அண்ணை பறங்கிக் கப்டன்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பறங்கியர் நம்முடைய ஊரிலும் வந்து இறங்கிக் கோட்டை கட்டிப் போனவர்கள்தானே. போய் முந்நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் பெரிய நகரத்தை இன்னும் பறங்கிக் கப்டன் ஒருவனா ஆள்கிறான் என்று பாவப்பட்டுக் கேட்டேன். லூசியா மெசினைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பறங்கி இல்லையாம், பறங்காய். ஒரு நகரத்தின் மிகச் சின்னத் துண்டு. நூற்றுக்கும் மேற்பட்ட பறங்காய் சேர்ந்ததுதான் டவாவோ. ஒவ்வொன்றுக்கும் வாக்குப் போட்டுத் தெரிந்த ஒரு கப்டன், ஒரு சின்ன மண்டபம், மண்டபத்துக்கு முன்னால் பந்து விளையாடும் தளம். பழைய காலத்தில் அந்தச் சொல்லுக்குத் தோணி என்று அர்த்தமாம். ஒரே தோணியில் வந்து ஒரே கரையில் இறங்கிய குடும்பங்கள் ஒரு பறங்காய். அவர் எத்தனை முறை திருத்தினாலும் என் வாயில் கடைசிவரை பறங்கிதான் வந்தது.

அதற்குப் பிறகு தோய்க்கத் துணி இல்லாத ஞாயிறுகளிலும் இரண்டு துவாயைத் தூக்கிக்கொண்டு கீழே போகத் தொடங்கினேன். மெசின்கள் சுற்றும். அறை முழுக்க வெதுவெதுப்பும் சவர்க்கார மணமும். நிலத்தோடு ஒட்டிய சின்ன யன்னலுக்கு வெளியே பனி கொட்டும். லூசியா துணி மடித்தபடி தன் நகரத்தைச் சொல்லுவார். நான் பாதி கண் மூடிக் கேட்பேன். நகர எல்லைக்குள்ளேயே ஒரு பெரிய மலை. மலையில் காடு, அதற்குக் கீழே வாழைத் தோட்டங்கள், தென்னந்தோப்புகள், பிறகு கல் வீடுகள், தகர வீடுகள், கடைசியில் கடலுக்குள் கம்பு நட்டு நிற்கும் வீடுகள். அவ்வளவுக்கும் ஒரே மேயர், ஒரே நகரசபை. பழைய தேவாலயத்துக்குப் பக்கத்தில் நகர மண்டபம். விடியும்போது ஆற்றங்கரைச் சந்தையில் மலை மரக்கறியும் தூரியான் பழமும் வந்து இறங்கும். ஜீப்பை இழுத்து நீட்டிப் பஸ்ஸாக்கி நிறம் நிறமாகப் பெயின்ற் அடித்த ஜீப்னிகள் ஓடும். நிலத்துக்கு அடியிலிருந்து எடுத்துக் குழாயில் விடும் தண்ணீரைக் காய்ச்சாமல் அப்படியே குடிக்கலாம் என்பதில் அவருக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

சிரிக்காதே, நான் அந்த நகரத்தில் நடக்கத் தொடங்கிவிட்டேன். பார்லிமென்ற் வீதியில் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ரீற்காருக்கு நிற்கும்போது மணிச் சத்தம் கேட்டால் ஜீப்னி வருகிறது என்று ஒரு கணம் நினைப்பேன். சலவைப் பகுதியில் ஆவி எழும்பும்போது அதற்குப் பின்னால் அந்த மலை தெரியும். கனவில் கையில் பெயர் இடாப்போடு ஒவ்வொரு பறங்கியாகப் போய், இந்த வீட்டில் எத்தனை பேர், தண்ணீர் வந்துவிட்டதா, ஊசி போட்டார்களா என்று கேட்டு எழுதுவேன். நான் கேட்க எல்லாரும் பதில் சொல்வார்கள். "உந்த மனுசன் நித்திரையிலையும் சேட்டிபிக்கற் எழுதுது," என்று அம்மா உன்னிடம் முறைப்பட்டது எனக்குக் கேட்டது. ரொறன்ரோவில் இருந்த நாலு வருடத்தில் இந்த நகரத்தின் மேயர் யார், சபை எங்கே கூடுகிறது என்று நான் விசாரித்தது கிடையாது. காணாத ஊரின் குழாய்த் தண்ணீர் எந்தச் சந்து வரைக்கும் போகிறது என்று மட்டும் சொல்லுவேன்.

ஒரு ஞாயிறு லூசியா தன் வேலையைச் சொன்னார். வடக்குத் தீவுகளில் இருந்து கிழமைக்குக் கிழமை கப்பலில் சனம் வந்து இறங்குமாம். அவருடைய தாய் தகப்பனும் அப்படி வந்தவர்கள்தான். மலைச் சனத்தைத் தவிர, அந்த நகரத்தில் பரம்பரையாக இருந்தவர் என்று சொல்ல ஆட்கள் குறைவாம். வந்தவர்கள் கடற்கரையோரம் நாலு கம்பு நட்டுக் குடியேறுவார்கள். பிறகு பறங்கி மண்டபத்துக்கு வந்து, இங்கே இருக்கிறோம் என்று ஒரு கடிதம் கேட்பார்கள். அந்தக் கடிதம் இருந்தால்தான் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம், தண்ணீர் இணைப்புக்கு விண்ணப்பிக்கலாம், வேலைக்குப் போகலாம். ஒரு சந்தில் இருபது கடிதம் சேர்ந்தால் கப்டன் அதைத் தூக்கிக்கொண்டு நகர மண்டபத்துக்குப் போவார். கொஞ்ச நாளில் அந்தச் சந்துக்கு ஒரு பொதுக்குழாய் வரும், பிறகு விளக்கு, பிறகு ஊசி போடுகிற தாதி. நான் விதானை அல்லவா, உடனே கேட்டேன்: "முந்தி இருந்த இடத்து ஆளின்ரை கடிதம் இல்லாமல் எப்பிடி எழுதிக் குடுப்பியள்?" லூசியாவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "அவை வந்திட்டினம்தானே. முன்னாலை நிக்கினம். பிறகென்ன?"

அன்றைக்கு நான் துவாயை மெசினுக்குள்ளேயே விட்டுவிட்டு மேலே வந்துவிட்டேன். லூசியா சொன்னதும் ஒரு காலம் நீ சொன்னதும் ஒரே சொல். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கிய சனத்தில் ஒரு குடும்பம் என் பிரிவுக்கு வந்தது. புருசன் கொழும்பில் தையல்காரர். பூர்வீகம் தேயிலைத் தோட்டத்து மலைநாடு, யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குத் தெரிந்தவர் ஒருவருமில்லை. பள்ளிக்கூடத்து விறாந்தையில் படுத்திருந்தார்கள். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, வாடகைக்கு ஓர் அறை எடுக்க, வதிவிடச் சான்றிதழ் கேட்டு வந்தார். முந்திய இடத்துக் கிராம சேவகரின் கடிதம் எங்கே என்று கேட்டேன். "வீடே எரிஞ்சு போச்சுங்க ஐயா," என்றார். கடிதம் கொண்டு வாருங்கள் பார்க்கலாம் என்றேன். மூன்று முறை வந்தார். மூன்று முறையும் அதையே சொன்னேன். மூன்றாம் முறை நீ வாசலில் நின்றாய். உனக்குப் பத்தொன்பது வயது. அந்த மனிதருக்கு முன்னாலேயே கேட்டாய்: "அப்பா, ஆள் உங்கட மேசைக்கு முன்னாலை நிக்கிறார். இருக்கிறார் எண்டு எழுத அதுக்கு மேலை என்ன சாட்சி வேணும்?" நான் "சட்டம் தெரியாமல் கதைக்காதை" என்று உன்னை உள்ளே அனுப்பினேன்.

தம்பி, சட்டம் எனக்குத் தெரியும். அவசர காலத்தில் விதானை நேரில் விசாரித்துத் தன் பொறுப்பில் எழுதலாம் என்றும் தெரியும். நான் எழுதாததற்குச் சட்டம் காரணமில்லை. ஆர் எவர் என்று தெரியாத சனம் என் பிரிவில் நிலையாகக் குடியேறுவதை நான் விரும்பவில்லை. மலைநாட்டார் என்று தெரிந்ததும் என் பேனை தானாக மூடிக்கொண்டது. இதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. நாலாம் முறை அவர் வரவில்லை. விறாந்தையைப் போய்ப் பார்த்தேன். வன்னிப் பக்கம் போய்விட்டார்கள் என்றார்கள். அதற்குப் பிறகு என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியாது. நீ அன்றிலிருந்து என்னோடு தேவைக்கு மட்டும் பேசினாய். சாப்பாடு, பஸ், வாடகை. ஐந்து வருடம் ஒரே கூரைக்குக் கீழே அப்படி இருந்தோம். அந்தத் தையல்காரரோ அவருடைய பிள்ளைகளோ எங்காவது இதை வாசிக்க நேர்ந்தால், நான் வெட்கப்படுகிறேன் என்று அவர்களுக்குத் தெரியட்டும்.

தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என்னை அது இங்கே ஒரு கவுண்டரில் வைத்துச் சுட்டது. அகதி வழக்குக்குப் போனபோது, நீ இன்ன ஊரில்தான் இருந்தாய் என்பதற்கு உள்ளூர் அதிகாரியின் கடிதம் எங்கே என்று கேட்டார்கள். உள்ளூர் அதிகாரி நான்தான் என்றேன். அப்படியானால் உனக்கு யார் எழுதித் தந்தது என்று கேட்டார்கள். ஊருக்கெல்லாம் எழுதிய எனக்கு எழுதித் தர ஒருவருமில்லை. அன்று எனக்குச் சாட்சிக்கு வந்தது லூசியா. நான் பதினான்காம் மாடியில் இருக்கிறேன், அயலுக்கு உபகாரமானவன் என்று தன் கைப்பட எழுதிக் கொடுத்தார். அவர்கள் அதைப் பெரிதாக எடுத்தார்களோ தெரியாது. எனக்கு அது பெரிதாக இருந்தது.

அப்படித்தான் எங்கள் மாடி ஒரு பறங்கியாகியது. நீ அதை நினைத்து வெட்கப்பட்டாய் என்று தெரியும். கருவாட்டுப் பிரச்சினை வந்தபோதுதான் தொடக்கம். மாடியெல்லாம் நாறுகிறது என்று லிப்ற்றில் ஒருவர் எழுதி ஒட்டிவிட்டார். அது பிலிப்பீன்காரர் என்று நம்முடைய ஆட்கள் சொன்னார்கள். அது சிறிலங்கன் என்று அவர்கள் சொன்னார்கள். இரண்டு பக்கமும் பொரித்தது கருவாடுதான். டவாவோவில் இப்படியான வழக்கைக் கோட்டுக்கு விடாமல் முதலில் பறங்கி மண்டபத்தில் இருத்திப் பேசுவார்களாம். லூசியா எல்லாரையும் நடையின் கடைசியில் கதிரை போட்டு இருத்தினார். சனிக்கிழமை மத்தியானம் மட்டும், யன்னலைத் திறந்து வைத்து, இரண்டு பகுதியும் ஒரே நேரத்தில் பொரிப்பது என்று முடிவாகியது. நான் அதைக் கொப்பியில் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். அன்றிலிருந்து லிப்ற் பழுதானால் யார் யாருக்குச் சாமான் தூக்கிக் கொடுப்பது என்பது வரைக்கும் கொப்பியில் ஏறியது. லூசியா என்னைக் கப்டன் என்று கூப்பிட, மாடி முழுக்க அதுவே பெயராகியது. "அப்பா, உது அப்பாட்மென்ற். உங்கட பிரிவில்லை," என்றாய். ஆனால் எண்பத்தைந்தில் லூசியாவின் மகள் மரிசெல் இருபது வயதில் வந்து இறங்கியபோது, அவளுடைய பெயரைக் கொப்பியில் எழுத நீயே பேனை கொண்டு வந்தாய். எனக்கு அன்றே விளங்கியிருக்க வேண்டும்.

அவள் தாதிப் படிப்பை முடித்ததும் டவாவோ நகரத்துச் சுகாதாரக் கந்தோரிலேயே வேலை செய்யப் போகிறேன் என்று வெளிக்கிட்டாள். நீயும் போகிறேன் என்றாய். எனக்குக் கோபம் வந்தது. கனவில் மலையும் சந்தையும் பார்த்தவன்தான், ஆனால் நடுவில் இரண்டு வருடம் லூசியா தன் நகரத்தைப் பற்றிப் பேசாமல் விட்டதும் எனக்கு நினைவிருந்தது. பட்டப்பகலில் சந்திகளில் சுடுகிறார்கள், அண்ணை வீட்டுக்குள்ளேயே இருக்கிறார் என்று மட்டும் சொன்னார். அப்படியான மௌனம் எனக்குத் தெரியும். அதிலிருந்துதான் உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தேன். போதாததற்கு அம்மாவும் நானும் நகரத்துக்கு வெளியே பிக்கரிங்கில் புது வீடுகளைப் பார்த்துவிட்டு வந்திருந்தோம். மேல் மாடியில் இரண்டு அறை உனக்கு என்று அம்மா யன்னல் சீலை நிறம்கூடத் தெரிவு செய்துவிட்டாள். நீ போன பிறகு அவள் இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் எழும்பி, "பிக்கரிங் ஒரு இடமும் ஓடாது. பிள்ளைக்குக் கூறை எடுக்கவேணும்," என்றாள். நான்தான் எழும்பவில்லை.

அந்த நேரத்தில் கப்டனின் கடிதம் வந்தது. தட்டச்சு செய்து, நீல முத்திரை குத்தி, 'பதினான்காம் மாடிக் கப்டன் அவர்களுக்கு' என்று விலாசமிட்டிருந்தார். அவர் எழுதியதைத் தமிழில் சொல்கிறேன்: "உங்கள் மகன் இங்கே இருப்பதற்கு ஒருவரின் கடிதமும் தேவையில்லை. அவர் வந்து இறங்கிய அன்றே எங்கள் புத்தகத்தில் பெயரை எழுதிவிட்டேன். ஆனால் மரிசெலை வளர்த்தவன் நான். அவர் எப்படிப்பட்டவர் என்று அவருடைய இடத்துக் கப்டன் ஒரு வார்த்தை எழுத வேண்டும். கோபக்காரரா, வரிசையில் நிற்பாரா, அயலவர் வீட்டில் தீப்பிடித்தால் ஓடி வருவாரா என்று எழுதுங்கள்." அதை வாசித்தபோது எனக்குள் பழைய விதானை எழும்பி உட்கார்ந்தான். நான் எழுதாவிட்டால் கல்யாணம் நடக்காது. நடக்காவிட்டால் நீ திரும்பி வருவாய். ஒருவருக்கும் இல்லை என்று சொல்லத் தேவையில்லை. பேனையைத் திறக்காமல் இருந்தால் போதும். அந்த வித்தை எனக்கு நன்றாகத் தெரியும்.

போன ஞாயிறு தோய்க்கும் அறையில் லூசியா ஒரு பெரிய விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார். "கடிதம் எங்கையோ துலைஞ்சு போச்சு போல, கப்டன். அண்ணைக்கு எழுதினனான், இன்னொண்டு அனுப்புவார். நீங்கள் கவலைப்படாதேங்கோ," என்றார். எனக்கு ஆறுதல் சொல்கிறார். பொய் சொன்னவனுக்கு. என்னால் தாங்க முடியவில்லை. மேலங்கியிலிருந்து கடிதத்தை எடுத்து மெசினுக்கு மேலே வைத்தேன். தையல்காரரைப் பற்றியும் சொன்னேன். லூசியா முத்திரையைப் பார்த்தார், திகதியைப் பார்த்தார். அவருடைய மகளின் கல்யாணம் அது. அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். பிறகு விரிப்பின் மற்ற இரண்டு மூலைகளையும் என் கையில் தந்தார். மடித்து முடித்ததும் சொன்னார்: "எழுதுங்கோ. நல்லதை மட்டும் எழுதாதேங்கோ. அண்ணை நம்பமாட்டார்."

எழுதுவதற்கு முன்னால் உனக்கு இரண்டொரு வார்த்தை. நீ அந்தச் சனத்தோடு இருக்கப் போகிறாய். காலையில் குழாயடியில் நில். மரிசெல் வேலைக்குப் போகிறவள். தண்ணீர் எடுப்பது பெண்களின் வேலை என்று யாரும் உன்னைப் பகிடி பண்ணினால் பண்ணட்டும். நான் அம்மாவை என் மேசைப் பக்கமே வரவிடாமல் பதினேழு வருடம் உத்தியோகம் பார்த்தேன். அன்றைக்கு அவள் பக்கத்தில் இருந்திருந்தால் தையல்காரருக்குக் கடிதம் கிடைத்திருக்கும். அதனால் உன் முடிவுகளை மரிசெல் பக்கத்தில் இருக்க எடு. ஊர் எது, பகுதி எது, சாதி எது என்று நாங்கள் மூச்சுக்கு மூச்சு விசாரிக்கும் பழக்கத்தை இங்கேயே விட்டுவிட்டாய் என்று நம்புகிறேன். அங்கே கப்பலில் புதிதாக ஒருவன் வந்து இறங்கிக் கப்டனின் மண்டபத்தில் நின்றால், நீ பக்கத்தில் இருந்தால், உனக்குத் தெரிந்த அந்தக் கேள்வியை அங்கேயும் கேள். பயமாக இருக்கும் நாட்களில் பயமாக இருக்கிறது என்று அவளிடம் சொல். பேசாமல் இருப்பதை என்னிடமிருந்து பழகியிருக்கிறாய். அதை மறந்துவிடு.

நேற்றுக் காலை மேசையில் இருந்து சான்றிதழை இங்கிலீசில் எழுதினேன். கை பழைய வேகத்தில் ஓடியது. எழுதி முடித்துக் கையெழுத்தும் வைத்துவிட்டு அம்மாவிடம் கொடுத்தேன். அவளுக்கு இங்கிலீசு எழுத்துக்கூட்டத் தெரியும். கடைசி வரியில் விரலை வைத்து, "உதென்ன எழுதியிருக்கிறியள்?" என்றாள். பார்த்தேன். விதானைமார் எழுதும் நற்சான்றிதழ் எல்லாம் ஒரே மாதிரியான ஒரு கடைசி வரியோடுதான் முடியும். அந்த வரி இல்லாவிட்டால் எந்தக் கந்தோரும் ஏற்காது. ஆயிரம் பேருக்கு எழுதிய கை, யோசிக்காமல் உனக்கும் எழுதியிருந்தது: இவர் எனக்கு உறவினர் அல்லர்.

அம்மா கடதாசியைக் கிழிக்கவில்லை. அழவும் இல்லை. "ஐஞ்சு வருசமாய் அப்பிடித்தானே இருந்தனீங்கள் ரெண்டு பேரும்," என்று சொல்லிவிட்டுப் புதுத் தாள் ஒன்று எடுத்துத் தந்தாள். திரும்ப எழுதினேன். இன்றைக்கே தபாலில் போகிறது. தமிழில் அது இப்படி வரும்.

பறங்காய்க் கப்டன் அவர்களுக்கு. இவரை அவர் பிறந்த நாள் முதல் அறிவேன். கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார், பேசாமல் விட்டுவிடுவார். அப்போது நீங்கள் முதலில் பேச வேண்டும். காலையில் எழுப்புவது கஷ்டம். வரிசையில் நிற்பார். தனக்குப் பின்னால் நிற்பவரையும் பார்ப்பார். தீப்பிடித்தால் ஓடி வருவார். பத்தொன்பது வயதில் ஓர் அதிகாரிக்கு முன்னால், அறிமுகமில்லாத ஒரு மனிதருக்காக வாய் திறந்து நியாயம் கேட்டார். அந்த அதிகாரி கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இத்தால் உறுதிப்படுத்துகிறேன்.

இவர் எனக்கு உறவினர். என்னுடைய மகன்.